மற்றாள் வரட்டும்

“ரெண்டு பேர்” என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, மூளை பின்னால்தான் ஓடி வந்தது, எனக்கு எப்போதும் அப்படித்தான். கடைக்காரி பொப்பா கதவை அரைவாசி திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறா, காதில் செருகிய பென்சில், கழுத்தெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்தா, எனக்குப் பின்னால் பார்த்தா, பிறகு தெருமுனையில் மெத்ரோப் படி இருக்கிற பக்கம் பார்த்தா. “மற்றாள் எங்க?” “வருவார்.” இதுவும் வாய்தான். “அப்ப மற்றாள் வரட்டும்” என்று சொல்லி, எனக்குப் பின்னால் நின்ற சோடியை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டா. அவவில் பிழை சொல்ல ஏலாது. கதவிலேயே ஒட்டியிருக்கிறா: எல்லாரும் வந்த பிறகே மேசை. அதற்குக் கீழே இன்னும் பெரிதாக: கட்டித் தருவதில்லை. பாரிஸில் இந்தக் கம்போடியாச் சூப் கடைக்கு முன்னால் ஞாயிறு மதியம் நிற்கிற எல்லாருக்கும் இந்த ரெண்டு வரியும் பாடம். உள்ளே கையகல இடம், முழங்கைகள் முட்டிக்கொள்கிற மேசைகள். வெளியே பக்கத்துப் பேக்கரி, அந்தப் பாண் கடை தாண்டியும் வரிசை. ஒரு ஆள் என்று சொல்லியிருந்தால் இப்போது உள்ளே சுவரோரம் இருந்திருப்பேன். ஒன்று. பிரெஞ்சில் அது ஒரு சொல்கூட இல்லை, மூக்கால் விடுகிற ஒரு சின்னக் காற்று. அந்தக் காற்று எனக்கு வரவில்லை. இந்தக் கதவுக்கு முன்னால் நான் வாழ்க்கையில் சொன்னதே ரெண்டு என்ற ஒன்றைத்தான். இப்ப என்ன செய்யிறது, திரும்பத் தட்டி, மதாம், பிழையாகச் சொல்லிப்போட்டன், ஒரு ஆள்தான் என்று சொல்லவா? ஏன் ஒரு ஆள் என்று கேட்பா. கேட்கத்தான் போறா. பதினொரு வருசமோ பன்னிரண்டோ, ரெண்டு பேராக வந்த ஆக்கள். கேட்காமல் விட அவ என்ன மெசினா?

முதுகுப் பைக்குள் கரியர் கிடக்கிறது, ஒவ்வொரு முறை நான் காலை மாற்றும்போதும் உள்ளே கிளிங் என்கிறது. அம்மாவின் சில்வர் சாப்பாட்டுக் கரியர், மூன்று அடுக்கு, ஊரிலிருந்து வரும்போது உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. இன்றைக்கு அப்பாவின் எட்டுச்செலவு, எட்டாம் நாள் படையல். இந்த நாட்டில் எரிப்பதற்கே இடம் கிடைக்கக் கனநாள் எடுக்கும், அதனால் எட்டை எங்கிருந்து எண்ணுவது என்று மாமிக்கும் மற்ற ஆக்களுக்கும் போனில் ஒரே சண்டை. கடைசியில் எல்லாருக்கும் லீவு ஞாயிறுதான் என்று ஞாயிறாகிவிட்டது. செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய் நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிடுவாராம். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறையும் ஒரு குசினியும். எல்லாரும் வெளியே என்றால் லிப்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கலாம். காலையிலேயே அம்மா எல்லாம் சமைத்துவிட்டா. கணவாய், முருங்கைக்காய், ஒரு போத்தல் விஸ்கிகூட, அவர் வருசத்தில் ஒருக்காத்தான் தொடுகிறது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தா. “தம்பி, ஞாயிறிலை உன்னையும் கூட்டிக்கொண்டு போவாரே, அந்தக் கடையிலை அப்பாவுக்கு என்ன விருப்பம்?” “சூப்.” “என்ன சூப்? கோழியோ?” கோழி இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி என்ற சொல்லே கிடையாது. அப்பா திரும்பி வரும்போது மெத்ரோவில், வாய் மணம் போக, மின்ட் டொபி ரெண்டு எடுத்து எனக்கொன்று தருவார், ஏதோ ரெண்டு பேரும் ஆரையோ வெட்டிப் புதைத்துவிட்டு வருகிற மாதிரி. அம்மா என் முகத்தைப் பார்த்தா. “சரி. அவர் என்ன குடிச்சாரோ அதையே வாங்கி வா. பேரை மட்டும் எனக்குச் சொல்லாத.” அவ்வளவுதான். இவ்வளவு வருசமும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மின்ட் டொபி எல்லாம் வீண். மாமிக்குத்தான் பொறுக்கவில்லை: “சீனன்ர கடைச் சாமானைப் படையலிலை வைக்கிறதோ, மச்சாள்?” “சீனன் இல்லை மாமி, கம்போடியா.” “எல்லாம் ஒண்டுதான்.” “ஒண்டில்லை” என்று நான் கத்த, அம்மா கரியரை என் கையில் திணித்து என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தா. வந்து, சப்பாத்துப் போடும்போது குனிந்து காதுக்குள் சொன்னா. பொழுதுபட முன்னம் வா. பிறகு ஒரு சொல், எனக்கு நல்லாத் தெரிந்த சொல், ஆனால் திரும்பச் சொன்னா: “வாய் வைச்சிடாத தம்பி. உப்புப் பாக்கிறன் எண்டும் நக்கிடாத. அவர் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள்.” எச்சில் பட்டால் அவர் தொட மாட்டாராம்.

கட்டித் தர மாட்டா என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவில்லை. திட்டம் இதுதான்: மேசை எடுப்பது, சூப் வாங்குவது, பொப்பா அங்கால் திரும்பின நேரம் கரியருக்குள் ஊற்றிக்கொண்டு நடையைக் கட்டுவது. ஒரு தரம் அப்பாவே கேட்டார், அம்மாவுக்கு ஒரு கோழிச் சூப் கட்டித் தர ஏலுமோ என்று. “ஏலாது” என்றா பொப்பா. “நூடில்ஸ் ஊறி வீங்கிப் போகும். பிறகு அவ வீட்டிலை இருந்து என்னைத் திட்டுவா. கூட்டிக்கொண்டு வா, இருத்திக் குடுப்பம்.” அம்மா ஒருநாளும் வரவில்லை. ஞாயிறில் அம்மாவுக்கு வேலை, ஒரு கிழவியைக் குளிக்க வார்க்கிற வேலை. அதனால் நானும் அப்பாவும்தான், அதிலும் நான் கொஞ்சம் வளர்ந்த பிறகு வரிசைக்கு முதலில் வருவது நான் மட்டும்தான். அப்பாவுக்கு ஞாயிறு காலை வேலை, ஒரு பெரிய ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறது. மதியம் விடுவார்கள் என்று பேர், ஒருநாளும் நேரத்துக்கு விட்டதில்லை. நான் வந்து வரிசையில் நிற்பேன், பொப்பா தலையை நீட்டுவா, ரெண்டு பேர், மற்றாள் எங்க, வருவார், அப்ப வரட்டும். பின்னால் நிற்கிறதெல்லாம் என்னைத் தாண்டி உள்ளே போகும். பசி குடலைத் தின்னும். பிறகு அந்த மெத்ரோப் படியில் முதலில் தலை தெரியும், நடு உச்சியில் மயிரில்லாத தலை, பிறகு நீல ஜக்கெட், பிறகு ஓட்டம். நாற்பதைத் தாண்டின ஒரு ஆள் ஓடுகிற ஓட்டமா அது, கை ரெண்டையும் விரித்துக்கொண்டு, வாகனங்களையெல்லாம் கையால் மறித்துக்கொண்டு. எனக்கு வெட்கமாக இருக்கும். “பிந்திப்போச்சு தம்பி, பத்ரோன் கடைசி நேரத்திலை ஒரு அடுக்குக் கோப்பையைக் கொண்டு வந்து வைச்சிட்டான்.” எப்போதும் ஒரு அடுக்கு. எப்போதும் பத்ரோன், அந்த முதலாளி. இப்போதும் நான் அந்தப் படியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு நீல ஜக்கெட் ஏறி வந்தது, ஒரு பொம்பிளை. எனக்குக் கோபம் வருகிறது, உண்மையாகவே கோபம்: இண்டைக்குமா பிந்துறார்? அவரின்ர எட்டுச்செலவுக்குமா?

என்னைத் தாண்டிப் போய் எனக்கு முன்னால் இப்போது நாலு பேர், சின்னப் பிள்ளை ஒன்று தகப்பனின் தோளில் ஏறியிருந்து கண்ணாடியில் விரலால் மீன் கீறுகிறது. உள்ளே ஆவியில் கண்ணாடி முழுக்க வேர்த்துக் கிடக்கிறது. கீறின மீன் வழியாகத்தான் மேசைகள் தெரிகின்றன. பொரித்த உள்ளியின் மணம். கதவு திறக்கும்போதெல்லாம் அது முகத்தில் அடித்துவிட்டுப் போகிறது, சாத்தினவுடன் குளிர். சுவரோரம் எங்கள் மேசையில் ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், சூப் முடிந்துவிட்டது, எழும்புகிற எண்ணம் இல்லை. எழும்பன் ஐசே. அப்பா ஒருநாளும் அப்படி இருக்க மாட்டார், கடைசி வாய் தொண்டைக்குள் இறங்கமுதலே எழும்பிவிடுவார்: “எழும்பு தம்பி, வெளிய ஆக்கள் நிக்கினம்.” ஆனால் தொடங்குவதற்கு மட்டும் நேரம் எடுப்பார். அவருக்குச் சூடு ஆகாது. நாள் முழுக்கக் கொதிதண்ணி ஆவிக்குள் நிற்கிற மனிசன், விரல் நுனியெல்லாம் வெந்து வெள்ளை வெள்ளையாகச் சுருங்கிக் கிடக்கும், நாக்கு மட்டும் கைக்குழந்தையின் நாக்கு. கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவார். “தம்பி, ஒரு வாய் பார்.” நான் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துவிட்டு “பொறுங்கோ” என்றால் பொறுப்பார். “இப்ப சரி, குடியுங்கோ” என்றால்தான் குடிப்பார். அஞ்சு வயதில் தொடங்கினது. அப்போது எனக்கு அது பெரிய உத்தியோகம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்வேன். பதின்மூன்று பதினாலில் வெட்கம், “நீங்களே ஊதிக் குடியுங்கோவன்” என்று எரிந்து விழுவேன். அவர் சிரித்துக்கொண்டு கிண்ணத்தை அப்படியே வைத்திருப்பார், நான் கரண்டியைத் தூக்கும்வரை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னதும் இந்த மேசையில்தான். இடையில் நிற்பாட்டிவிட்டேன், இனிப் போக மாட்டேன், ஏலாது, அங்கே இருக்க மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். தேசிக்காய்த் துண்டை எடுத்துப் பிழிந்தார், அதில் சாறு முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். “ஒரு வாய் பார்.” பார்த்தேன். “சரி” என்றேன். குடித்தார். அதற்கு மேல் அன்றைக்கு ஒரு கதையும் இல்லை, மின்ட் டொபி மட்டும் வழமை போல ரெண்டு.

அவர் செத்த அந்த ஞாயிறும் நான் இதே இடத்தில்தான் நின்றேன். இதே பாண் கடை, இதே கல். பொப்பா நாலு தரம் தலையை நீட்டினா, நாலு தரமும் வருவார் என்றேன். போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பதிவு செய்த பொம்பிளைக் குரல் வந்து பேசச் சொன்னது, பேசினேன்: “அப்பா கெதியா வாங்கோ, எனக்குப் பசியிலை உயிர் போகுது.” எனக்கு. உயிர். மற்ற மெத்ரோவுக்கு மாறுகிற நிலையத்தில் அவர் படியில் குந்தி இருந்துவிட்டாராம். விழவில்லை, இருந்தாராம். வேலை உடுப்போடு ஒரு கறுத்த மனிசன் படியோரம் சுவரில் தலை சாய்த்து இருந்தால் ஆர் திரும்பிப் பார்க்கிறது, களைப்பாக்கும் என்று நினைத்திருப்பார்கள். களைப்புத்தான். எனக்குத் தெரியாது, நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாணும் பட்டரும் தின்றேன். அவருடைய போன் இப்போதும் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. அதற்குள் என் குரல் பசிக்குது பசிக்குது என்று கிடக்கிறது, ஒருத்தரும் திறக்கவில்லை. என் போன் நடுங்குகிறது. அம்மா. “எங்க நிக்கிறாய்? கிடைச்சிட்டுதோ?” “வரிசை அம்மா.” “இருட்டப் பாக்குதடா. மாமி இலையை விரிச்சிட்டா.” “தெரியும்.” “ஏலாட்டி விட்டிட்டு வா ராசா. கணவாய் இருக்குத்தானே.” அந்தக் குரலில் அவ ஏற்கனவே விட்டுவிட்டா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விட ஏலாது. கணவாயை ஆரும் சமைப்பார்கள். இது இல்லாமல் அவர் வந்து இலையைப் பார்த்துவிட்டுப் போனால்? நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை, செத்தால் முடிந்தது, எரித்ததையும் பார்த்தேன். ஆனாலும் வந்து பார்த்துவிட்டுப் போனால்? குளிர்காலம், மதிய வரிசை முடியமுதலே தெருவில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வருகிறது, பாண் கடைக்காரன் லைட்டைப் போட்டுவிட்டான். சரி. தட்டுவம். ஒன்று. மூக்கால் ஒரு காற்று. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், வருகிறது. கதவைப் பார்த்துச் சொல்லிப் பார்க்கிறேன், மூக்கு அடைத்துக்கொள்கிறது. குளிர்தான். அதைச் சொன்னால் நான்தான் அவரைக் கழித்துவிட்டதாகிவிடும் என்று ஒரு விசர் எண்ணம், எரிக்கும்போதுகூடக் கழியாதவரை, ஒரு நூடில்ஸ் கடை வாசலில் நின்று, ரெண்டில் ஒன்று போக.

கதவு திறந்தது, அந்த நாலு பேர் உள்ளே போனார்கள், மீன் கீறின பிள்ளை எனக்குக் கை காட்டினது. பொப்பா என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்தா. “இன்னும் வரேல்லையா மிஸியே யோகா? எப்பவும் பிந்துற ஆள்.” அப்பாவின் முழுப்பேர் தவயோகன், அவவுக்கு வாயில் நுழைவது கடைசித் துண்டு மட்டும். அப்பா அவவைப் புஷ்பா என்பார். பொப்பா என்றால் அவர்களுடைய பாஷையில் பூவாம், ரெண்டும் ஒரே பேர்தான் என்று அவர் கண்டுபிடித்த நாள் ரெண்டு பேரும் சொந்தக்காரர் மாதிரிச் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சொல் வரவில்லை. தோளிலிருந்து பை வழுக்கி, கரியர் கல்லில் மோதி, அந்தச் சத்தம் தெரு முழுக்க அடித்தது. “என்னடா அது?” “ஒண்டுமில்லை.” குனிந்து எடுக்கிறேன், பையின் வாய் திறந்து கரியரின் கைபிடி வெளியே வந்துவிட்டது. பிடிபட்டேன். கட்டித் தருவதில்லை என்று கதவில் எழுதியிருக்கும்போது பாத்திரத்தோடு வந்து நிற்கிறவன். இப்ப பேசப் போறா. ஆனால் அவ பேசவில்லை. குந்தியிருந்து, கரியரைப் பையிலிருந்து வெளியே இழுத்து, பக்கத்துக் கொழுக்கியை விரலால் தடவிப் பார்த்தா. அடுக்கைப் பார்த்தா. “என்ர அம்மாட்டையும் இருந்தது” என்றா. “இதை எங்கட புத்தர் கோயிலுக்குத்தான் கொண்டு போவம்.” பிறகு அவவுடைய முகத்திலிருந்து ஏதோ இறங்கினது. செத்த ஆக்களுக்காகச் சாப்பாடு கொண்டுபோகிற பதினைந்து நாள் அவர்களுக்கு இருக்கிறது என்று அப்பாவுக்கு அவ சொன்னது எனக்கு ஞாபகம், அந்த நாட்களில் கடை பூட்டியிருக்கும். “ஆருக்கு?” என்று கேட்டா, மெதுவாக, கேட்க விருப்பமில்லாமல். “மற்றாளுக்கு” என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. அவ மெத்ரோப் படிப் பக்கம் ஒருக்காப் பார்த்தா, நான் பார்க்கிற மாதிரியே. பிறகு என் ஜக்கெட்டில் பிடித்து எழுப்பினா. “உள்ள வா.” எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தன், “மதாம், இவன் தனி ஆள், நாங்கள் மூண்டு பேரும் வந்து நிக்கிறம்” என்றான். பொப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இவை ரெண்டு பேர்” என்றா.

பேப்பர் கிழவரை எழுப்பிவிட்டு என்னைச் சுவரோர மேசையில் இருத்தினா. கரியரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா. எதிர்க் கதிரை சும்மா இருந்தது, நான் பையை அதில் வைத்தேன், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் உறிஞ்சிக் குடிக்கிற சத்தம், அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ அப்பா உறிஞ்சுகிற சத்தமும் இருக்கும் போல இருந்தது. வந்தா. கரியரை மேசையில் வைத்து, துணியால் துடைத்து, மூடியைத் தட்டிக் காட்டினா: “கீழ சூப். நடுவிலை நூடில்ஸ். மேல இறைச்சியும் இலையும், தேசிக்காய் ரெண்டு துண்டு. வீட்டிலை போய்த்தான் ஒண்டாக்கோணும், அப்ப ஊறாது. இப்பிடி ஒரு பாத்திரம் இருக்கெண்டு உன்ர அப்பா எனக்குச் சொல்லவேயில்லை.” காசு நீட்டினேன், வாங்கினா. நல்ல காலம், வாங்காமல் விட்டிருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன். “கெதியாப் போ, ஆறப்போகுது” என்றுவிட்டு வாசலுக்குப் போனா. போகத்தான் வேண்டும். கண்ணாடியில் கீறின மீனுக்குள்ளால் தெரு கறுத்துக்கொண்டு வருகிறது, அம்மா லிப்டுக்குப் பக்கத்தில் நிற்பா, மாமி இலையில் தண்ணி தெளித்திருப்பா. கொண்டுபோய் வைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள். அந்த அறைக்குள் அவர் தனிய. கிண்ணத்தை ஆரின் பக்கம் தள்ளுவார்? வாயைச் சுட்டுக்கொள்ளப் போறார், மனிசனுக்கு ஊதிக் குடிக்கவும் தெரியாது, அல்லது பயத்தில் தொடாமலே வைத்துக்கொண்டு இருக்கப் போறார், ஒருத்தரும் சரி என்று சொல்லாமல், ஆறி, ஆடை படிந்து, கடைசிவரைக்கும். கொழுக்கியைக் கழற்றினேன். மேல்தட்டை எடுத்துவைத்தேன், நடுத்தட்டை எடுத்துவைத்தேன். ஆவி முகத்தில் அடித்தது, உள்ளி, மிளகு, பேர் சொல்லக்கூடாத அந்த மணம். மேசையில் இருந்த தகரக் குவளையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சூப்பைக் கோலி, ஊதாமல் குடித்தேன். பொறுங்கோ, அப்பா. இன்னும் கொஞ்சம் பொறுங்கோ. இன்னொரு கரண்டி. இப்ப சரி. வீடு போய்ச் சேர நல்ல கணக்காக இருக்கும். குடியுங்கோ. வாய் வைச்சிடாத தம்பி, உப்புப் பாக்கிறன் எண்டும் நக்கிடாத என்றுதான் அம்மா சொல்லி அனுப்பினா.